கோபே போகும் கப்பல் – 9. நோட்டீஸில் இல்லாத பெயர்

வாசகசாலைச் சுவரில் ஒட்டியிருந்த நோட்டீஸைப் பசை காய்வதற்குள் உரித்தெடுத்து, வெங்கிட்டு அதைப் பெரியப்பா சிவராமகிருஷ்ணனின் முன்னால் கொண்டுவந்து போட்டதோடு சனிக்கிழமை முடிந்தது. அன்று அந்த மட்டாஞ்சேரி வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

நோட்டீஸில் இருந்தது கொஞ்சம்தான். ஞாயிறு மாலை வாசகசாலை மாடியில் ‘ஜப்பான் நாள்’. கப்பலில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற கமத் சார் ஜப்பானியத் துறைமுகங்களின் படங்களைத் திரையில் காட்டுவார். அம்மிணி டீச்சர், வரும் அக்டோபரில் டோக்கியோவில் நடக்கவிருக்கும் ஒலிம்பிக் பந்தயங்களைப் பற்றிப் பேசுவார். அதற்குக் கீழே கடைசி வரி: ‘ஸ்ரீமதி லோகாம்பாள் ஜப்பானிய முறையில் மலர் அலங்காரம் செய்து காட்டுவார்.’

அந்த வரியில் இரண்டு குற்றங்கள் இருந்தன.

ஒன்று, லோகாம்பாள் விதவை. பூவைத் தொடக்கூடாதவள் என்று ஊர் முடிவு செய்து பதினெட்டு வருஷம் ஆகிறது. இன்னொன்று, அவளை விதவையாக்கியது ஜப்பான்.

அவள் புருஷன் பிச்சுமணி மலேயாவில் கெடாப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் கணக்கு எழுதும் கிராணியாக இருந்தான். நாற்பத்தொன்றில் அவள் பிரசவத்துக்காகப் பினாங்கில் கப்பல் ஏறி ஊருக்கு வந்தாள். அவள் வந்த கொஞ்ச நாளில் அங்கே யுத்தம் வந்துவிட்டது. குழந்தை வெங்கிட்டு பிறந்தது இங்கே. அந்தக் குழந்தையின் முகத்தைப் பார்க்காமலேயே பிச்சுமணி, தோட்டத்துக் கூலிகளோடு சேர்த்து, சியாமில் ரயில் பாதை போடக் கொண்டுபோகப்பட்டான். திரும்பி வரவில்லை. யுத்தம் முடிந்து நாற்பத்தாறில், அங்கிருந்து பிழைத்து வந்த ஒருவன் வாய்மொழியாகத்தான் சேதி தெரிந்தது. காலரா என்றான். எந்த நாள் என்று அவனுக்கும் தெரியவில்லை.

அப்படிப்பட்டவள் ஜப்பானிய பாஷை கற்றுக்கொள்கிறாள். டைப்பிஸ்ட் வேலைக்காகத் தினமும் படகேறித் தேவராவில் உள்ள இறால் கம்பெனிக்குப் போகிறவள், அங்கே குளிர்பதன யந்திரம் பொருத்த வந்த ஓனோ என்ற என்ஜினீயரின் மனைவியோடு சிநேகமாகிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை தோறும் கொச்சங்காடியில் சுக்குக் கிடங்குக்கு மேலே கமத் சார் நடத்தும் ஜப்பான் சங்கத்துக்குப் போகிறாள். அங்கே ஏழெட்டுப் பேர் முழங்காலை மடித்துக் குதிகாலின்மேல் உட்கார்ந்து, கால் மரத்துப்போவதைச் சகித்துக்கொண்டு, மூங்கில் குச்சியால் சோற்றுப் பருக்கையைப் பிடிக்கப் பழகுகிறார்கள். கப்பல் ஆபீஸ்களில் கெஞ்சி வாங்கிய காலண்டர்களைச் சுவரில் மாட்டி, அந்த மலையையும் பனியையும் நேரில் பார்க்கப்போவது போலப் பேசிக்கொள்கிறார்கள். கமத் சாரைத் தவிர யாரும் போனதில்லை. போகப்போவதும் இல்லை என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள், இந்த ஆடி மாதம் வரை.

இப்போது ஓனோவின் வேலை முடிந்து தம்பதி ஊர் திரும்புகிறார்கள். கோபேயில் உள்ள அவர்கள் ஆபீஸுக்கு ஆங்கிலம் டைப் அடிக்க ஆள் தேவை. ஆறு மாதம். “நீங்கள் வாருங்கள், என் வீட்டிலேயே தங்கலாம்” என்று ஓனோ அம்மாள் கேட்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை நிகழ்ச்சி முடிந்ததும் பதில் சொல்கிறேன் என்று லோகாம்பாள் சொல்லியிருந்தாள். அந்தப் பேச்சு வீட்டுக்கும் எட்டியிருந்தது.

அந்த ஞாயிறு விடிந்தது.

மழை நின்று நின்று பெய்துகொண்டிருந்தது. கொல்லையில் கொய்யா மரத்தின் கீழ்க் கிளை ஒன்று காற்றில் முறிந்து, தோலோடு தொங்கிக்கொண்டிருந்தது. லோகாம்பாள் அதை அறுத்தெடுத்து, இலைகளை ஒவ்வொன்றாகக் கிள்ளிக்கொண்டிருந்தாள்.

அடுக்களை வாசலில் கனகாம்பாள் வந்து நின்றாள். சிவராமகிருஷ்ணனின் மனைவி. லோகாம்பாளுக்கு ஓரகத்தி, கூப்பிடுவது மன்னி என்று.

“மொட்டைக் கொம்பை வச்சுண்டு என்ன பண்ணப்போறே?”

“இதுதான் நடுவில நிக்கணும், மன்னி. பூ கொறச்சுப் போரும்.”

“பூவும் உண்டோ?”

“ரெண்டு நந்தியாவட்டை.”

கனகாம்பாள் குரலைத் தாழ்த்தினாள். “ஆத்துக்குள்ள நீ சுவாமிக்குப் பூத் தொடுக்கறதை நான் என்னிக்காவது தடுத்திருக்கேனா? ஆனா ஊர் கூடற எடத்துல, மேடையில, பூவைக் கையில வச்சுண்டு நிக்கறதுன்னா... ஜனங்க என்ன பறைவான்னு நோக்குத் தெரியாதா?”

“தெரியும், மன்னி.”

“தெரிஞ்சுண்டுமா?”

லோகாம்பாள் கிளையைத் திருப்பிப் பார்த்தாள். வளைவு நன்றாக இருந்தது.

“லோகம், இங்கே வா” என்று வாசல் அறையிலிருந்து கூப்பிட்டார் சிவராமகிருஷ்ணன்.

பஜார் ரோட்டில் ஒரு மிளகு மண்டியில் தலைமைக் குமாஸ்தாவாக இருக்கிற அவர், சத்தம் போட்டுப் பேசுகிறவர் இல்லை. தம்பி போன பிறகு தம்பி மனைவியையும் பிள்ளையையும் ஒரு குறை இல்லாமல் பார்த்துக்கொண்டவர் என்று ஊரில் பெயர். அது உண்மையும்கூட.

நோட்டீஸ் அவர் மடியில் இருந்தது. வெங்கிட்டு ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டிருந்தான்.

“இதுல உன் பேரை அவாளாப் போட்டுட்டாளோ?”

அது கேள்வி இல்லை. அவர் அவளுக்குத் திறந்துவிட்ட கதவு. ஆமாம் என்று அவள் சொன்னால் போதும், மீதியை அவர் பார்த்துக்கொள்வார்.

“நான்தான் போடச்சொன்னேன், அண்ணா.”

அவர் நோட்டீஸை மடித்துப் பக்கத்தில் வைத்தார்.

“சரி. போட்டது போட்டாச்சு. ஜொரம்னு சொல்லி ஆள் அனுப்பிடலாம்.”

“நேக்கு ஜொரம் இல்லையே.”

வெங்கிட்டு திரும்பினான். இருபத்திரண்டு வயது. உயரமும் நெற்றியும் அப்படியே பிச்சுமணி.

“போன வாரம் அப்பாவுக்குத் திவசம் பண்ணினேன். ஞாபகம் இருக்கோ? செத்த நாள் தெரியாதவாளுக்கு அமாவாசைன்னு வாத்தியார் கணக்கு. வருஷா வருஷம் இப்படித்தான். ஏன் நாள் தெரியலை? யாரால தெரியலை? ஒரு வாரம் ஆகலை, நீ போய் அவாளோட பூவைச் சொருகிக் காட்டப்போறே.”

“ஆமாம்டா.”

“வெக்கமா இல்லையா?”

“வெங்கிட்டு” என்றார் பெரியப்பா அதட்டலாக. பிறகு அவளைப் பார்த்தார். “அவன் கேக்கறதுல தப்பில்லை. அவன் பிஞ்சு மனசு. நேக்கே தாங்கலை. பிச்சுமணி என் தம்பி. நாகப்பட்டணத்துல ஒரு சத்திரத்துல கிடந்து, மலேயாவுலேந்து வந்த ஒவ்வொரு கப்பலுக்கும் போய் நின்னவன் நான். இறங்கறவாளை எல்லாம் நிறுத்தி நிறுத்திக் கேட்டேன். அந்தக் கஷ்டத்துக்காவது நீ கொஞ்சம் மரியாதை வைக்கணும்.”

“அதை நான் மறக்கலை, அண்ணா. எந்த ஜன்மத்துலயும் மறக்க மாட்டேன்.”

“அப்போ இன்னிக்குப் போகாதே.”

“போறேன்” என்றாள் லோகாம்பாள்.

அந்த வீட்டில் அவள் அவரிடம் மறுத்துச் சொன்ன முதல் வார்த்தை அதுதான். டைப்பிங் கற்றபோதும், கம்பெனி வேலைக்குப் போனபோதும் கேட்டுத்தான் செய்தாள். இறால் கம்பெனியா என்று அவர் முகம் சுளித்தபோதுகூட, மீனைத் தொடுகிற வேலை இல்லை அண்ணா, காகிதம்தான் என்று விளக்கிச் சம்மதம் வாங்கினாள். இன்று விளக்கம் எதுவும் சொல்லவில்லை.

சொல்லிவிட்டு உள்ளே போய்ச் சமையலுக்கு உதவினாள். பரிமாறினாள். வெங்கிட்டு சாப்பிட வரவில்லை. மழை தணிந்த ஒரு சமயம் பார்த்துக் கிளையை ஈரத்துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு, குடையை விரித்து இடைவழியில் இறங்கி நடந்தாள். இரண்டு வீட்டு ஜன்னல்கள் திறந்து மூடின.

வாசகசாலை மாடி நிரம்பியிருந்தது. மழைநாள் பொழுதுபோக்குக்கு வந்தவர்கள் பாதி. நோட்டீஸின் கடைசி வரியைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் மீதி. ஈரக் குடைகளின் வாடையும் சட்டைகளின் வாடையும் கலந்து ஒரு புழுக்கம்.

முன்வரிசையில் ஓனோ அம்மாள் உட்கார்ந்திருந்தாள். ஐம்பது வயது இருக்கும். சின்ன உருவம். சாம்பல் நிறக் கிமோனோ அணிந்து, கைகளை மடியில் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்திருந்தாள். மேடையில் லோகாம்பாளைப் பார்த்ததும், மாணவியின் பரீட்சைக்கு வந்த தாயாரைப் போல முகம் மலர்ந்தாள்.

கமத் சாரின் படங்கள் ஓடின. கோபே துறைமுகம், மலைச்சரிவில் வீடுகள், பனிக்காலத்தில் ஒரு மரப்பாலம். அம்மிணி டீச்சர், ஒலிம்பிக்ஸுக்கு முன்னால் அங்கே ஒரு ரயில் ஓடப்போகிறது, அந்த வேகத்தில் சாப்பாட்டை முடித்து எர்ணாகுளத்தில் ஏறினால் மத்தியானக் காப்பிக்குத் திருவனந்தபுரம் என்று சொன்னபோது கூட்டம் சிரித்தது.

பிறகு லோகாம்பாள் மேஜைக்கு முன்னால் வந்து நின்றாள்.

அகலமான தட்டில் தண்ணீர். தண்ணீருக்குள் கொம்பைக் குத்தி நிறுத்த முள் பதித்த ஈயக் கட்டி. வெறும் கொய்யாக் கிளையை எடுத்து, சாய்த்துப் பார்த்து, கீழ் நுனியைக் கத்தரித்து, குத்தி நிறுத்தினாள். கூட்டத்தில் யாரோ “இதென்னது, விறகா?” என்று முணுமுணுத்தார்கள். அவள் காதில் அது விழுந்தது. உதட்டோரம் சிரித்துக்கொண்டாள். முதல் நந்தியாவட்டையைக் கையில் எடுத்தாள்.

அப்போதுதான் பின்வரிசையிலிருந்து குரல் வந்தது.

“இந்த நோட்டீஸ்ல ஒரு பேர் விட்டுப்போயிருக்கு.”

வெங்கிட்டு. தலைமுதல் கால்வரை நனைந்திருந்தான். கையில் அந்த நோட்டீஸ். நாற்காலிகளுக்கு நடுவே முன்னால் வந்தான். யாரும் தடுக்கவில்லை.

“பிச்சுமணின்னு ஒரு பேர். இந்த ஸ்ரீமதி லோகாம்பாளோட பர்த்தா. என் அப்பா. ஜப்பான்காரா அவரைச் சியாமுக்குக் கொண்டுபோய், காட்டுல ரயில் போடச்சொல்லி, சாகவிட்டா. அந்தப் பேரையும் போட்டுட்டு அப்பறம் பூ வையுங்கோ.”

கமத் சார் எழுந்து, “மோனே, வா, கீழே போய்ப் பேசலாம்” என்றார்.

“விடுங்கோ, கமத் சார். அவன் சொல்றது நியாயம்” என்றாள் லோகாம்பாள்.

பூவை மேஜையில் வைக்கவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டு கூட்டத்தைப் பார்த்தாள்.

“அந்தப் பேர் அதுல இருந்திருக்கணும். நான்தான் போடச்சொல்லலை. பேர் போட்டா இன்னிக்கு இங்கே என்னை ஏற விட்டிருக்க மாட்டேள்னு பயந்தேன். அது என் தப்பு. இப்போ நானே சொல்றேன். என் பர்த்தா பேர் பிச்சுமணி. நல்லாப் பாடுவார். கோபம் வந்தா நிறையச் சாப்பிடுவார். அவரை ஜப்பான் பட்டாளம் கொண்டுபோச்சு. எங்கே புதைச்சா, புதைச்சாளா இல்லையான்னுகூட இன்னிவரைக்கும் நேக்குத் தெரியாது.”

பூவை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டாள்.

“என் பிள்ளை கேக்கறான், வெக்கமில்லையான்னு. ரெண்டு வருஷம் முன்னால இந்தப் பாஷையை நான் சிநேகத்துக்காகக் கத்துக்க ஆரம்பிக்கலை. கம்பெனிக்கு முதல்முதலா ஜப்பான்காரா வந்தப்போ, அந்த அம்மா சிரிச்சுண்டு எனக்குக் கும்பிடு போட்டா. நேக்கு வயிறு எரிஞ்சுது. இவளுக்கு மனசிலாகற பாஷையில ஒரு கேள்வி கேக்கணும், இவ முகம் செத்துப்போறதைப் பார்க்கணும்னு நினைச்சேன். அதுக்குத்தான் கத்துண்டேன். கத்துண்டு வரச்சே பாஷை பிடிச்சுப்போச்சு. இந்தக் கொம்பு பிடிச்சுப்போச்சு. அந்த அம்மாவைப் பிடிச்சுப்போச்சு. கோபமும் போகலை. ரெண்டும் என்கிட்ட இருக்கு. இதுல எதுக்கும் நான் யார்கிட்டயும் மன்னிப்புக் கேக்கறதா இல்லை.”

முன்வரிசையில் யாரோ ஒரு மாமி, “எல்லாம் சரி, கையில பூ எதுக்கு?” என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள். அமைதியில் எல்லோருக்கும் கேட்டுவிட்டது.

லோகாம்பாள் அவளைத் தேடிப் பிடித்துப் பார்த்தாள்.

“சொல்றேன், மாமி. என் பர்த்தாவை எடுத்தது ஜப்பான்காரன். ஆனா சேதி வந்த அன்னிக்கு என்னை உட்கார வச்சு, என் தலையிலேந்து பூவை எடுத்தது ஜப்பான்காரன் இல்லை. அப்போ நேக்கு இருபத்திமூணு வயசு. இந்தத் தெருதான் எடுத்தது. பூவைத் திரும்பக் கையில கொடுத்தது யார்னு பார்த்தா, இதோ உட்கார்ந்திருக்கா. என்ன பண்ணச்சொல்றேள்?”

மாமி தலையைக் குனிந்துகொண்டாள். பின்னால் ஒரு கிழவர் கோபமாக எழுந்து குடையை எடுத்துக்கொண்டு போனார். அவரோடு இன்னும் சிலர். மற்றவர்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

இத்தனையும் தமிழில் நடந்தது. ஓனோ அம்மாளுக்குப் பெயர்களும், சியாம் என்ற சொல்லும், முகங்களும் மட்டும்தான் புரிந்திருந்தன. லோகாம்பாளின் முகத்திலிருந்து அவள் கண்ணை எடுக்கவில்லை.

லோகாம்பாள் அவள் பக்கம் திரும்பினாள். இரண்டு வருஷமாகப் படித்த பாஷையில், இலக்கணம் தடுக்கி, வார்த்தைக்கு வார்த்தை நின்று சொன்னாள். என் கணவர் யுத்தத்தில் இறந்தார். சியாமில். உங்கள் பட்டாளம் போட்ட ரயில் பாதையில். நான் உங்களிடம் சொல்லவில்லை.

ஓனோ அம்மாள் எழுந்து நின்றாள். முகத்தில் ரத்தம் வற்றிப்போயிருந்தது. ஒருகாலத்தில் லோகாம்பாள் பார்க்க ஆசைப்பட்ட முகம் அதுதான். பார்க்க நன்றாக இல்லை.

அந்தச் சின்ன உருவம் இடுப்பிலிருந்து வளைந்தது. முதலில் லோகாம்பாளுக்கு. பிறகு திரும்பி, ஈரச் சட்டையோடு நின்ற வெங்கிட்டுக்கு. வெகுநேரம் நிமிரவில்லை. வெங்கிட்டு என்ன செய்வதென்று தெரியாமல் ஒரு அடி பின்வாங்கி நாற்காலியில் இடித்துக்கொண்டான்.

“வாருங்கள், சேர்ந்து முடிக்கலாம்” என்று லோகாம்பாள் கத்தரிக்கோலை நீட்டினாள்.

ஓனோ அம்மாள் கத்தரிக்கோலைப் பார்த்தாள். தலையை அசைத்தாள். “இன்று என்னால் முடியாது” என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, கீழே காத்திருந்த காரை நோக்கிப் படியிறங்கிப் போய்விட்டாள்.

நிமிர்ந்து பார்த்தபோது வெங்கிட்டையும் காணவில்லை.

லோகாம்பாள் தனியாகவே முடித்தாள். ஒரு பூவைக் கிளையின் அடியில் தாழ்வாக, இன்னொன்றைக் கொஞ்சம் உயரத்தில் சாய்த்து வைத்தாள். முறிந்து விழுந்த கிளை அங்கே காற்றுக்கு எதிரே நிற்பது போல இருந்தது. விறகா என்று கேட்டவர் மெதுவாகக் கைதட்டினார். அவரைத் தொடர்ந்து வேறு யாரும் தட்டவில்லை. அவர் தட்டி முடிக்கும்வரை லோகாம்பாள் நேராக நின்றாள்.

அவள் வீடு திரும்புவதற்கு முன்பே சேதி வந்து சேர்ந்திருந்தது. சிவராமகிருஷ்ணன் நடு அறையில் நின்றுகொண்டிருந்தார்.

“என்னைத்தானே சொன்னே?”

குடையை மடக்கி மூலையில் சாய்த்தாள். “தெருவைச் சொன்னேன், அண்ணா. நீங்களும் இந்தத் தெருவிலதான் இருக்கேள்.”

“அந்த வழக்கத்தை நானா உண்டாக்கினேன்?”

“இல்லை. ஆனா அன்னிக்கு வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா எல்லாரும் கேட்டிருப்பா. நீங்க வாசல்ல போய் நின்னுண்டேள்.”

அவர் மெதுவாகச் சொன்னார்: “பார்க்கத் தாங்காமத்தான் போனேன்.”

“அது நேக்கு இப்பத்தான் தெரியும்” என்றாள் அவள். உண்மையாகவே அப்போதுதான் தெரிந்தது. ஆனாலும் அவள் நிறுத்தவில்லை. “இத்தனை வருஷமா எனக்காக எல்லாரும் துக்கப்பட்டேள், எனக்காகக் கோபப்பட்டேள். ஒருத்தர்கூட என்னைக் கூப்பிட்டு, நோக்கு என்ன வேணும்னு கேக்கலை.”

“என்ன வேணும், சொல்லு.”

“கோபேக்குப் போகணும்.”

சிவராமகிருஷ்ணனின் முகம் மறுபடி இறுகியது. “இத்தனைக்கப்பறமும் அந்த அம்மா உன்னைக் கூட்டிண்டு போவான்னு நினைக்கறயா?”

“தெரியாது. அவ கூட்டிண்டு போகலைன்னா வேற வழி பார்ப்பேன். கோபே போற கப்பல் பினாங்குல நிக்கும். நான் கப்பல் ஏறினப்போ அவர் நின்னு கை காமிச்ச எடத்தை ஒருதரம் பார்க்கணும். அப்பறம் கோபே. பனி பெய்யறதைப் பார்க்கணும். அங்கே ஓடப்போற புது ரயில்ல ஏறணும். இதுல துக்கம் பாதி, ஆசை பாதி. ஆசையை நான் மறைக்கலை.”

“நான் சம்மதிக்க மாட்டேன். போறதுன்னா திரும்பி இந்த ஆத்துக்கு வராதே. என் தம்பி பேரால சொல்றேன்.”

“உங்க தம்பி பேராலதான் நானும் சொல்றேன். இந்த வீட்டுல பாதி அவருடையது. நான் போவேன், அண்ணா. திரும்பியும் இங்கேதான் வருவேன். என் அறையிலதான் இருப்பேன். நீங்க என்கிட்டப் பேசலைன்னா நானே பேசிக்கறேன்.”

அந்த வார்த்தை முடிவதற்குள் வாசலில் அம்மிணி டீச்சர் மூச்சிரைக்க வந்து நின்றாள். மலையாளமும் தமிழுமாகத்தான் பேசுவாள்.

“சேச்சி, நான் படகுக் கடவுலேந்து வர்றேன். உங்க வெங்கிட்டு தேவராவுக்குப் போறதுக்குப் படகு ஏறிட்டான். ஓனோ சாரோட வீடு எவிடேன்னு என்கிட்ட வழி கேட்டான். முகம் சரியில்லை. சொல்லாம இருந்திருக்கணும், வழி சொல்லிட்டேன்.”

கனகாம்பாள் அடுக்களையிலிருந்து வெளியே வந்தாள். சிவராமகிருஷ்ணன் ஆணியில் மாட்டியிருந்த சட்டையை எடுத்தார்.

“என்னத்தைப் பண்ணித் தொலைக்கப்போறானோ. லோகம், கிளம்பு. அடுத்த படகைப் பிடிக்கலாம்.”

லோகாம்பாளுக்கு ஒரு கணம் கால் பரபரத்தது. ஓடிப்போய்ப் பிள்ளையின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வரவேண்டும் போல இருந்தது. அவன் கோபம் அவளுக்குத் தெரியும். ஓனோ அம்மாளின் கணவர் எப்படிப்பட்டவர், யுத்தத்தில் எங்கே இருந்தார் என்பது அவளுக்குத் தெரியாது. இரண்டு வருஷத்தில் அவள் கேட்கவே துணியாத கேள்வி அது.

“நான் வரலை” என்றாள்.

“என்ன சொல்றே?”

“அவன் கேக்கட்டும், அண்ணா. நான் கேக்காம விட்டதை அவன் போய்க் கேக்கறான். அவன் யாரையும் அடிக்கற பிள்ளை இல்லை. நீங்கதானே வளர்த்தேள்? அவா என்ன பதில் சொன்னாலும் அவனே காதால கேட்டுண்டு வரட்டும். நான் நடுவில போய் நின்னு மொழிபெயர்க்கப் போறதில்லை.”

சிவராமகிருஷ்ணன் அவளை உற்றுப் பார்த்தார். சட்டைப் பொத்தானைத் தப்பாகப் போட்டுக்கொண்டு, மழையில் இறங்கிப் படகுத்துறையைப் பார்த்து நடந்தார். அம்மிணி டீச்சர் தன் குடையை விரித்துக்கொண்டு அவர் பின்னாலேயே ஓடினாள்.

வீடு அடங்கியது.

லோகாம்பாள் தன் அறைக்குப் போனாள். கட்டிலுக்கு அடியில் குனிந்து, பினாங்கிலிருந்து அவள் கொண்டுவந்த தகரப் பெட்டியின் கைப்பிடியைப் பிடித்து இழுத்தாள். கனமாக இருந்தது. பழைய துணிகளும், வெங்கிட்டின் சின்ன வயதுச் சட்டைகளும், யாருக்கும் வேண்டாத பாத்திரங்களும் அடைந்து கிடந்தன. தரையில் தகரம் உரசி, தெருவரைக்கும் கேட்கிற மாதிரி ஒரு சத்தம் போட்டது. கேட்கட்டும் என்று இன்னும் வேகமாக இழுத்தாள். பாதியில் கட்டில் காலில் மாட்டிக்கொண்டு அசைய மறுத்தது.

வாசற்படியில் நிழல் விழுந்தது. கனகாம்பாள்.

லோகாம்பாள் நிமிரவில்லை. “நீங்களும் போகாதேன்னு சொல்றதுன்னா அப்பறம் சொல்லுங்கோ, மன்னி.”

கனகாம்பாள் உள்ளே வந்தாள். புடவையை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

“நானும் வந்திருந்தேன்” என்றாள்.

“எங்கே?”

“வாசகசாலைக்கு. கதவண்டை, பெண்டுகளுக்குப் பின்னால நின்னேன். அன்னிக்கு உன் தலையிலேந்து பூவை எடுத்தது யார்னு நீ தெருவைச் சொன்னே.” கனகாம்பாள் தன் வலது கையைப் பார்த்தாள். “என் கைதானே எடுத்தது. நீ என் பேரைச் சொல்லலையே, லோகம்.”

லோகாம்பாள் பெட்டியின் மேல் கையை வைத்துக்கொண்டு அவளைப் பார்த்தாள்.

பிறகு கனகாம்பாள் குனிந்து, பெட்டியின் இன்னொரு கைப்பிடியைப் பிடித்தாள்.

“உன் பக்கத்தைத் தூக்கு” என்றாள். “இழுத்தா வராது.”